பணக்கார கிளப்களைப் போலீஸ்காரர்களை வைத்து ஜெயித்தவர்: யார் இந்த ரஹீம் சாப்?

2019 ஆகஸ்ட் கடைசியில் புனே கால்பந்து ரசிகர்களுக்கு அந்தச் செய்தி வந்தது. இந்தியன் சூப்பர் லீக்கில், அதாவது ஐ.எஸ்.எல்.-லில், ஐந்து சீசன் ஆடிய எஃப்.சி. புனே சிட்டி இனி இல்லை. நிதி நெருக்கடியில் கிளப் மூடப்படுகிறது. லீக்கில் அதற்கு இருந்த இடம் ஹைதராபாத் எஃப்.சி. என்ற புதிய கிளப்புக்குப் போகிறது. ஹிஞ்சவடி ஐ.டி. பார்க்குக்குப் போகும் வழியில் இருக்கிற பாலேவாடி ஸ்டேடியத்தில் ஆரஞ்சு ஜெர்சி போட்டுக் கத்திய 'ஆரஞ்சு ஆர்மி' ரசிகர்களுக்கு, அடுத்த சீசனில் கத்துவதற்கு ஆளே இல்லை.

புனேவுக்கு இது முதல் அடியும் அல்ல. அசோக் பிரமள் குழுமம் 2007-ல் தொடங்கிய புனே எஃப்.சி., 2012-13 ஐ-லீக்கில் இரண்டாம் இடம் வரை வந்த அணி. ஆசிய அளவில் ஏ.எஃப்.சி. கோப்பையிலும் ஆடியது. 2014-15 சீசனோடு தேசிய லீக்கை விட்டு விலகியது. கல்யாணி குழுமத்தின் பாரத் எஃப்.சி. ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு மூட்டை கட்டியது. டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் ஐ-லீக்கில் இரண்டு சீசன். ஆக, ஐந்தே ஆண்டுகளில் நான்கு கிளப்களைத் தேசிய லீக்குகளில் இருந்து இழந்த நகரம் இது.

ஹைதராபாத்துக்குப் போன அந்த இடம் என்ன ஆனது? ஹைதராபாத் எஃப்.சி. 2021-22-ல் ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆனது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் வீரர்களுக்குச் சம்பளம் பாக்கி, புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபா தடை. 2024-ல் உரிமையாளர் மாறினார். 2025-ல் அது டெல்லிக்குப் போய் 'ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி' என்று பெயரும் மாறிவிட்டது. ஆறு ஆண்டில் மூன்று ஊர்.

இதே ஹைதராபாத்தில், சுமார் 75 ஆண்டுகளுக்கு முன், யாராலும் வாங்கவோ வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகவோ முடியாத ஓர் அணி இருந்தது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் போலீஸ்காரர்கள்தான் வீரர்கள். அவர்கள் கல்கத்தாவின் பெரிய கிளப்களை வரிசையாகத் தோற்கடித்தார்கள். அந்த அணிக்குப் பயிற்சியளித்த சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கைதான் இந்தக் கட்டுரை. 2024-ல் அஜய் தேவ்கன் நடித்த 'மைதான்' படம் வழியாக நீங்கள் அவரை அறிந்திருக்கலாம். ஆனால் படம் பெரும்பாலும் தேசிய அணியின் கதை. ரஹீமை ரஹீமாக்கிய உள்ளூர் கிளப்பைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

பள்ளிக்கூட வாத்தியார்

ரஹீம் பிறந்தது 1909 ஆகஸ்ட் 17, ஹைதராபாத்தில். அப்போது அது நிஜாமின் சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டம் படித்தார். கல்லூரி அணிக்கு ஆடினார். பிறகு ஆசிரியர் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தியவர், உடற்கல்வியில் டிப்ளமாவும் முடித்து விளையாட்டுப் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தார்.

ஆட்டக்காரராக அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. அவர் பெயர் வெளியே தெரிந்தது நிர்வாகியாகத்தான். 1940-களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் ஆனார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். லீக் அட்டவணை போடுவது, மைதானம் பிடிப்பது, நடுவரைத் தேடுவது, பள்ளிகளை ஆட வைப்பது என்று ஒரு சங்கச் செயலாளரின் வேலை முழுக்க அலுப்பான வேலை. கால்பந்தை டிவியில் மட்டும் பார்க்கிற நமக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஊரில் எந்தத் தெருவில் எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தச் செயலாளரே ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளரும் ஆனார். பிறகு இந்திய அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். இன்றைக்கு என்றால் 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட்' என்று ட்விட்டரே கொதித்திருக்கும். நியாயமான கொதிப்பும்கூட. ஆனால் அன்று மூன்று வேலையையும் ஒரே ஆள் பார்த்ததால், பள்ளி மைதானத்தில் கண்ணில் பட்ட பையன் போலீஸ் அணி வழியாக ஒலிம்பிக் வரை போக ஒரே நேர்கோடு கிடைத்தது.

பணம் எங்கே இருந்தது?

அன்றும் கால்பந்தில் பணக்கார அணிகள் இருந்தன. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்களுக்கு உறுப்பினர் சந்தா வந்தது, டிக்கெட் வசூல் வந்தது, பின்னால் செல்வாக்கான புரவலர்கள் இருந்தார்கள். விதிப்படி எல்லாரும் அமெச்சூர் வீரர்கள்தான். நல்ல வீரருக்கு வேலையும் வசதியும் ஏற்பாடு ஆகிவிடும் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம்.

ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற 'பஞ்ச பாண்டவர்' முன்வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். அகமது கான், அப்பா ராவ், வெங்கடேஷ், தன்ராஜ், சாலே. ஐந்து பேருமே தென்னிந்தியாவிலிருந்து போனவர்கள். வங்காளத்தின் பெருமையாகக் கொண்டாடப்பட்ட அந்த முன்வரிசையில் ஒரு வங்காளி கூட இல்லை. தெற்கில் ஆட்டக்காரர்கள் உருவானார்கள், கிழக்கில் கைதட்டல் வாங்கினார்கள். இன்று பிரீமியர் லீக் பெரிய கிளப்களுக்கும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க ஊர்களுக்கும் இருக்கிற உறவின் சின்ன வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

ஹைதராபாத் போலீஸ் இதற்கு எதிராக வைத்திருந்தது என்ன? அரசு வேலை. யூனிஃபார்ம், மாதச் சம்பளம், ஓய்வூதியம். அன்று ஏழைக் குடும்பத்துப் பையனுக்கு இது சாதாரண விஷயமில்லை. முழங்கால் போனாலும் வேலை போகாது. முதலாளியின் கம்பெனி திவாலானால் அணியும் சேர்ந்து திவாலாகும் என்ற பயமும் இல்லை. நம்ம ஊரில் சென்னை ஐ.சி.எஃப். அணியும், வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியும் இதே ஏற்பாட்டில் வளர்ந்தவைதான். 1955, 1958 டூராண்ட் கோப்பைகளை வென்றது அந்த நீலகிரி ராணுவ அணி என்பது இன்று எத்தனை தமிழ் ரசிகர்களுக்குத் தெரியும்? கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் பேர் வாங்கியது அங்கேதான். அவரும் ஹைதராபாத்-செகந்திராபாத் கிளப்களில் ஆரம்பித்தவர்.

ஐந்து ஆண்டு, ஐந்து கோப்பை

1948 செப்டம்பரில் இந்திய ராணுவ நடவடிக்கைக்குப் பிறகு ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. ஆட்சி மாறி, ஊரே நிலைகொள்ளாமல் இருந்த காலம். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1950-ல், அந்த நகரத்தின் போலீஸ் அணி பம்பாய்க்கு வந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-லும் வென்றது. 1952, 1953, 1954-லும் வென்றது. 1891-ல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையில் தொடர்ந்து ஐந்து முறை என்பது வேறு எந்த அணியும் தொடாத சாதனை. அன்றைய இந்தியாவில் டூராண்ட், ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ் இந்த மூன்றும்தான் பெரிய கோப்பைகள். தேசிய லீக் என்று ஒன்று அப்போது கிடையாது.

1950-லேயே டெல்லியில் டூராண்ட் கோப்பை. சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த முதல் டூராண்ட் அது. இறுதிப் போட்டியில் எதிரில் மோகன் பகான். முதல் ஆட்டம் டிரா. மறு ஆட்டத்தில் 1-0 என்று போலீஸ் ஜெயித்தது. 1954-லும் 1957-லும் மறுபடி டூராண்ட் சாம்பியன். மாநில மறுசீரமைப்புக்குப் பிறகு ஆந்திரப் பிரதேச போலீஸ் என்று பெயர் மாறி 1961-ல் இன்னொரு முறை. மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியில் 1956-57, 1957-58 என அடுத்தடுத்து இரண்டு முறை ஹைதராபாத் வென்றதும் இதே வீரர்கள் பலத்தில்தான்.

புனேவில் இருப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். ரோவர்ஸ் நடந்த பம்பாய் கூப்பரேஜ் மைதானம் இங்கிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம். ஒரு தலைமுறை முன்பு வரை மேற்கு இந்தியாவின் கால்பந்துத் தலைநகரமே அந்தச் சின்ன மைதானம்தான்.

அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்?

இதுதான் எனக்கு ரஹீமிடம் மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அன்றைய இந்திய ரசிகருக்கு டிரிபிளிங்தான் கால்பந்து. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நான்கு பேரை ஏமாற்றி ஓடுகிறவன் ஹீரோ. ரஹீம் என்ன செய்தார் என்றால், டிரிபிளிங்கே கூடாது என்ற விதியோடு உள்ளூர் போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும். வலது கால்காரர்கள் இடது காலால் மட்டும், இடது கால்காரர்கள் வலது காலால் மட்டும் உதைக்க வேண்டும் என்று இன்னொரு வகைப் போட்டி. முதலில் பார்க்கவே வேடிக்கையாக இருந்திருக்கும். சில மாதங்களில் பையன்களுக்கு இரண்டு காலும் ஒன்றாகிவிடும்.

இதற்கெல்லாம் செலவு எவ்வளவு? ஒரு பந்து, ஒரு மைதானம், விதியை மீறினால் விசில் ஊத ஓர் ஆள். ஜிம் வேண்டாம், வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். காசில்லாத சங்கத்தால் நடத்த முடிகிற பயிற்சி இது. இரண்டாவது விஷயம் அதைவிட முக்கியம். டிரிபிளிங் மன்னன் ஒருவனை நம்பி நிற்கிற அணியிடமிருந்து அவனை கல்கத்தா தூக்கிக்கொண்டு போனால் அணி அத்தோடு சரி. பதினொரு பேரும் ஒரே மாதிரி பாஸ் கொடுக்கப் பழகிய அணியில் ஒருவன் போனால், அதே போட்டிகளில் வளர்ந்த இன்னொருவன் வந்து நிற்பான். ரஹீம் இதைக் கணக்குப் போட்டுச் செய்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் பணக்காரர்களிடமிருந்து ஓர் ஏழை அணியைக் காப்பாற்ற இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரியவில்லை.

உடல் தகுதியிலும் அவர் கறார். அன்றைய இந்திய உள்ளூர் ஆட்டங்கள் 90 நிமிடத்துக்குக் குறைவாகவே நடந்தன. சர்வதேச ஆட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில் நம்மவர்கள் தள்ளாடிப்போக அது ஒரு காரணம். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் உலகத்துக்கே பிரபலமாக்கிய 4-2-4 வியூகத்தை அதற்கு முன்பே ரஹீம் ஹைதராபாத்தில் முயன்று பார்த்தார் என்று இந்தியக் கால்பந்து வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்த்ததும் அதில் எதை நம்ம பசங்களுக்குக் கொண்டுவரலாம் என்று யோசிக்கிற வாத்தியார் மூளை அவருக்கு.

ஒரு சைக்கிள் வாடகை

துளசிதாஸ் பலராம் கதையைச் சொல்லாமல் ரஹீம் கதை முடியாது. செகந்திராபாத் அம்முகுடாவில் 1936-ல் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் பலராம். வறுமையில் புது பூட்ஸ் வாங்க வழியில்லை. போலீஸ்காரர்களின் பழைய பூட்ஸை செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து கால்பந்து பூட்ஸாக மாற்றித்தான் ஆரம்ப காலத்தில் ஆடினார்.

உள்ளூர் ஆட்டம் ஒன்றில் ரஹீம் அவரைக் கவனித்தார். ஹைதராபாத் அணிக்கான பயிற்சிக்கு வரச் சொன்னார். அம்முகுடாவிலிருந்து தினமும் வந்துபோகக் காசில்லை என்பது பலராமின் நிலை. ரஹீம் சைக்கிள் வாடகைக்குத் தன் கையிலிருந்து பணம் கொடுத்து வரவழைத்தார். 1956-57 சந்தோஷ் டிராபியில் ஹைதராபாத் பம்பாயை வீழ்த்திக் கோப்பை வென்றபோது அந்த அணியில் பலராம் இருந்தார். அதே 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் ஆடினார். அப்போது அவருக்கு வயது இருபது.

அதற்குப் பிறகு நடந்ததையும் மறைக்காமல் சொல்லணும். 1957-ல் பலராம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அங்கே பெரிய நட்சத்திரமானார், வாழ்க்கையின் மீதியையும் வங்காளத்திலேயே கழித்து 2023-ல் கல்கத்தாவில் காலமானார். பீட்டர் தங்கராஜும் பிறகு கல்கத்தா கிளப்களுக்குத்தான் ஆடினார். ரஹீம் அரசு வேலை என்ற வேலியைப் போட்டிருந்தார், உண்மைதான். மிகப் பெரிய திறமைகளை அந்த வேலி தடுக்கவில்லை. தடுக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஏழைப் பையன் நல்ல விலைக்குப் போவதைத் துரோகம் என்று சொல்ல ரசிகனுக்கு உரிமையில்லை. அவன் போன பிறகும் அணி ஜெயிக்கிறதா என்பதுதான் கிளப்புக்கான பரீட்சை. பலராம் கல்கத்தா போன 1957-ல்தான் போலீஸ் அணி மறுபடி டூராண்ட் வென்றது என்பதை இங்கே நினைவில் வையுங்கள்.

தெருவிலிருந்து ஜகார்த்தா

தேசிய அணிக் கதை பலருக்கும் தெரிந்தது, வேகமாகவே சொல்லிவிடலாம். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என வீழ்த்தித் தங்கம். அடுத்த ஆண்டு ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்ற படுதோல்வி. நம் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியிருந்தார்கள். பூட்ஸ் கட்டாயம் என்ற விதி அதன் பிறகுதான் வந்தது. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2 என வென்று அரையிறுதி. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்த ஆட்டம் அது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி வரை வந்த முதல் ஆசிய அணி இந்தியா. கடைசியில் நான்காம் இடம். அந்த அணியில் அஸீஸுத்தீன், நூர் முகமது, ஸுல்ஃபிகாருத்தீன், அகமது ஹுசைன், பலராம் என்று ஹைதராபாத்காரர்கள் வரிசையாக இருந்தார்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு 1-1 டிரா. அந்த அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இடம்பெற்றிருந்தார். ஆனால் களத்தில் இறங்கி ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. பயிற்சியாளரின் மகன் பெஞ்சில் உட்கார்ந்தே ஒலிம்பிக்கை முடித்தார் என்பதை ரஹீமின் குணம் பற்றிய சின்னத் தகவலாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போனபோது ரஹீமைப் புற்றுநோய் பிடித்திருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் மூன்றையும் தாண்டி இறுதிப் போட்டி. எதிரில் மறுபடி அதே கொரியா. தைவானையும் இஸ்ரேலையும் போட்டிக்கு அழைக்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி ஒருவர் விமர்சித்திருந்ததால் உள்ளூர் மக்கள் கோபத்தில் இருந்தார்கள். நிரம்பி வழிந்த மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சல்.

அணிக்குள் வேறு பிரச்சினை. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார். ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்காமல், அரையிறுதியிலும் இறுதியிலும் சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். உடல்நிலை சரியில்லாமல் இருந்த தங்கராஜ் இறுதிப் போட்டிக்குக் கோல்கீப்பராகத் திரும்பினார். செப்டம்பர் 4 அன்று 17-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல், மூன்று நிமிடம் கழித்து ஜர்னைல் இன்னொன்று. 2-1 என இந்தியாவுக்குத் தங்கம். ஆசிய விளையாட்டு ஆண்கள் கால்பந்தில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றது அன்றுதான். தடுப்பாட்டக்காரரை முன்னால் ஆட வைத்தது பலருக்கு அதிர்ஷ்டமாகத் தெரியலாம். எல்லா இடத்திலும் எல்லாரும் ஆட வேண்டும் என்று பத்து வருஷமாக ஹைதராபாத்தில் சொல்லிக்கொடுத்தவருக்கு அது இயல்பான முடிவு.

ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11 அன்று, நுரையீரல் புற்றுநோயால் ரஹீம் ஹைதராபாத்தில் இறந்தார். வயது 53.

பிறகு என்ன ஆனது?

1965-66-ல் ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் டிராபியை வென்றது. ரஹீம் வளர்த்த தலைமுறையின் கடைசிப் பெரிய வெற்றி என்று அதைச் சொல்லலாம். அதன் பிறகு ஆந்திரம் ஒரு முறைகூட அந்தக் கோப்பையை வெல்லவில்லை. போலீஸ் அணி மெல்ல மெல்லச் செய்திகளிலிருந்து மறைந்தது. பள்ளிப் போட்டிகள், இடது கால் போட்டிகள் எல்லாம் ஒரு மனிதரின் உழைப்பில் ஓடிக்கொண்டிருந்தன. அவர் போனதும் அந்த உழைப்பை எடுத்துக்கொள்ள ஆளில்லை.

அதனால்தான் பழைய காலத்தை நினைத்து ரொம்பவும் உருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. போலீஸ் அணியில் ரசிகனுக்கு ஓட்டும் இல்லை, உறுப்பினர் அட்டையும் இல்லை. இலாகா நினைத்தால் ஆடும், நினைக்காவிட்டால் ஆடாது. இன்றைய கார்ப்பரேட் கிளப்பில் அந்த இடத்தில் முதலாளி இருக்கிறார், அவ்வளவுதான். கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடி 2018-19 ஐ-லீக்கை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி.யை நினைத்துப் பாருங்கள். 1946-லேயே வேறு பெயரில் தொடங்கிய கிளப். சாம்பியன் ஆன அதே சீசனில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. சில ஆண்டுகளில் தேசிய லீக்கிலேயே அதைக் காணோம். வயதும் கோப்பையும் வெளிநாட்டுப் பணமும் சேர்ந்தும்கூட ஒரு கிளப்பைக் காப்பாற்றவில்லை.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஐ.எஸ்.எல்.-லில் விற்பனைக்கு இருப்பது லீக்கில் ஓர் இடம். அந்த இடத்தை யார் வாங்கினாலும், எந்த ஊரில் வைத்தாலும், ஒப்பந்தம் செல்லும். எஃப்.சி. புனே சிட்டி ஹைதராபாத்துக்கும் பிறகு டெல்லிக்கும் நகர்ந்தபோது அதோடு போகக்கூடிய எல்லாம் போயின. போக முடியாதது ரசிகர்கள் மட்டும்தான். ரஹீமின் அணிக்குக் கீழே பள்ளிகள், தெருக் கிளப்கள், ஊர் லீக் என்று அடுக்கு அடுக்காக இருந்தது. மேலே இருந்த போலீஸ் அணி மங்கிய பின்னும் கீழிருந்தவை ஒரே நாளில் மறையவில்லை. ரஹீமுக்குப் பிறகும் ஹைதராபாத்திலிருந்து கல்கத்தாவுக்கு நல்ல ஆட்டக்காரர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். முகமது ஹபீப் அந்த வரிசையில் பெரிய பெயர்.

2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். உரிமை ஒப்பந்தம் முடியப்போகும் குழப்பத்தில் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். தேசத்தின் உச்ச லீக்குக்கு அட்டவணையே இல்லாத நிலை. பாலேவாடியில் எஃப்.சி. புனே சிட்டிக்காகக் கத்தியவர்களுக்கு 2017-18 அரையிறுதி நினைவிருக்கும். பெங்களூருவின் சுனில் சேத்ரி மூன்று கோல் போட்டு அவர்கள் கனவை முடித்த ஆட்டம் அது. அந்த அளவு உயரத்துக்கு வந்த கிளப் ஒன்றரை ஆண்டில் இல்லாமல் போனது.

புனே மாவட்டக் கால்பந்து சங்கத்தின் லீக் இன்னும் இருக்கிறது. எஸ்.எஸ்.பி.எம்.எஸ். மைதானம் மாதிரியான இடங்களில், பல டிவிஷன்களில், வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்களும் கல்லூரிப் பையன்களும் சேர்ந்த கிளப்கள். பார்வையாளர் எண்ணிக்கையைச் சில ஆட்டங்களில் கைவிரலில் எண்ணிவிடலாம். சனிக்கிழமை ராத்திரி பானேர் பக்கம் பப்பில் லிவர்பூல் மேட்ச் பார்க்கிறவர்கள் அதை விட வேண்டாம். அந்த ஆட்டம் இரவில்தான்; இது சாயங்காலமே முடிந்துவிடும்.